நடு ஃபாரம் நிறுத்தப்பட்ட இதழ்: ஒரு நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலில் இருந்து வரும் ஒரு சிறிய அறிவியல் புனைகதை இதழின் நான்காவது இதழ் அச்சில் இருக்கும்போதே பாதியில் நிறுத்தப்பட்டு, ஒரு கதையும் அட்டையும் மாற்றப்பட்டு, தாமதமாக வெளிவந்தது. ஆசிரியர் குழுவில் ஒருவனாக நான் உடனிருந்து பார்த்ததை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட யாருடைய பெயரும், அந்தக் கடற்கரை ஊரின் பெயரும் இதில் இருக்காது.

பின்னணி

இதழ் சின்னது. அறுநூறு பிரதி, அறுபத்து நான்கு பக்கம், மல்டிகலர் ராப்பர் (அட்டை), உள்ளே ஒரே நிறம், நடுவில் பின் அடித்தது. கதை, படக்கதை, புதிர், ஒன்றிரண்டு கட்டுரை. பொழுதுபோக்கு இதழ் என்றுதான் முதல் பக்கத்திலேயே போட்டுக்கொள்கிறோம், அதில் எங்களுக்குக் கூச்சம் கிடையாது. பஸ்ஸில் போகிற பிள்ளைகள் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே ஆரம்பித்த இதழ் இது.

அறிவியல் புனைகதைக்கென்றே ஒரு தனி இதழ் என்பது 1926 ஏப்ரலில் அமெரிக்காவில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய அமேசிங் ஸ்டோரீஸிலிருந்து ஆரம்பிக்கிறது. வாசகன் சுவாரஸ்யமாகப் படிக்க வேண்டும், படித்து முடிக்கையில் கொஞ்சம் அறிவியலும் அவன் மண்டையில் ஏறியிருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். எங்கள் ஆசிரியரும் அந்தக் கட்சிதான். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். குழுவில் எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம், பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

நான்காவது இதழை நவம்பர் கடைசியில், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நடக்கும்போது கொண்டுவருவதாகத் திட்டம். மாவட்டம் முழுக்க ஜனம் வந்து போகிற நேரம், விற்பனைக்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

இந்த இதழில் ஒக்கி பற்றிய கட்டுரை ஒன்றும் இருந்தது. 2017 நவம்பர் கடைசியில் அடித்த அந்தப் புயலில் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் போய்விடும், அவர்கள் போவதோ அதைவிடப் பல மடங்கு தூரம். அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. இந்தக் கட்டுரையை எழுதியவர் மீனவர்கள் நாலைந்து பேரிடம் பேசி, எழுதியதை அவர்களிடமே திரும்ப வாசித்துக் காட்டி, திருத்தி, அப்புறம்தான் கொடுத்தார். கட்டுரை என்றால் எங்களிடம் இப்படித்தான் நடக்கும். கதைக்கு இப்படி எந்த நடைமுறையும் இல்லை. கதைக்கு எழுத்துப்பிழை பார்ப்போம், ஓட்டம் பார்ப்போம், முடிவு பிடித்திருக்கிறதா என்று பார்ப்போம், அவ்வளவுதான். பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் இந்த வித்தியாசம்தான் என்று நினைக்கிறேன்.

கதை

தக்கலைப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி எழுதியது. எங்களுக்கு இதற்கு முன்பும் ஒரு கதை தந்திருக்கிறார், நன்றாக எழுதுகிற பிள்ளை. ‘மணல் பிள்ளைகள்’ என்பது தலைப்பு. 2071ஆம் ஆண்டு, மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். கறுப்பு மணலில் இருக்கும் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தால் அங்கே பிறக்கும் பிள்ளைகளின் உடம்பு இரவில் பச்சையாக ஒளிர்கிறது, சிலருக்கு ஆறு விரல். ஒரு வில்லன் அந்த மணலை அள்ளிக் குவித்து அணுகுண்டு செய்கிறான், பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து அவனைத் தோற்கடிக்கிறார்கள்.

வேகமான கதை. குழுவில் எல்லோருக்கும் பிடித்தது. நடுப்பக்கக் கதையாக 25 முதல் 40 வரை பதினாறு பக்கம் ஒதுக்கினோம். ராப்பரும் இதே கதைக்குத்தான் வரையப்பட்டது: கறுப்பு மணலில் கண்கள் எரிய நிற்கும் ஒரு குழந்தை, பின்னால் நீலப் படி வைத்த ஒரு குருசடி, அதாவது சிலுவை வைத்த சின்ன வழிபாட்டிடம். ஓவியர் தான் ஒரு முறை போனபோது எடுத்த போட்டோவைப் பார்த்து அந்தக் குருசடியை அப்படியே வரைந்திருந்தார். உள்ளே கதையில் ஊரின் பெயரும் உண்மைப் பெயர்தான்.

பைண்டிங் மேசையில்

ராப்பர் அச்சாகி லேமினேஷனுக்குப் போகக் காத்திருந்தது. உள்பக்கங்களில் மூன்று ஃபாரம் (சேர்ந்து அச்சாகும் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்) ஓடி முடிந்திருந்தது. நடு ஃபாரத்துக்கு பிளேட் தயார், மறுநாள் காலை ஓட வேண்டியது.

அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் ஒரு அக்கா கடற்கரை ஊர்க்காரர். தாளைத் தட்டி அடுக்கும்போது ராப்பரைப் பார்த்துவிட்டு, புரூஃப் வாங்க வந்த எங்கள் ஆசிரியரிடம் கேட்டார்:

“சாரே, இது எங்க ஊரு குருசடி இல்லியா? இந்தப் பிள்ளைக்கு ஏன் கண்ணு இப்படி எரியுது?”

சார் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். அந்த அக்கா கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னதை சார் அன்றைக்கு ராத்திரியே எங்களிடம் அப்படியே சொன்னார்.

“எங்க ஊருல பொண்ணு பாக்க வாறவங்க இப்பவே மண்ணைப் பத்திக் கேக்காங்க சாரே. இதையும் பாத்தா என்ன நெனப்பாங்க? அதுகூடப் போட்டும். மண்ணு எடுக்கப்பிடாதுன்னு நாங்க உள்ளதைச் சொல்லிட்டுக் கிடக்கோம். இப்படிப் படம் போட்டா நாங்க சொன்னது பூரா கதைன்னு ஆயிரும்.”

அவர் கடைசியாகச் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. 2024இல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டம் பேச்சுக்கு வந்ததிலிருந்து கடற்கரை ஊர்கள் எதிர்த்துக்கொண்டிருக்கின்றன. கரை அரிப்பு, நிலத்தடி நீர், புழுதி, நோய் பயம் என்று அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதில் எது எவ்வளவு சரி என்பது அளந்து பார்த்துப் பேச வேண்டிய விஷயம். அந்த நேரத்தில் ஒளிரும் குழந்தையை அட்டையில் போட்டால், அளந்து பேச வேண்டியதை எல்லாம் பேய்க்கதைக் கணக்கில் தள்ள யாருக்கும் எளிதாகிவிடும்.

கதையில் என்ன தவறு இருந்தது

சார் அன்றிரவு உட்கார்ந்து கதையை ஒரு பாடப்புத்தகத்தைத் திருத்துவது போல வரி வரியாகப் படித்தார். அவர் எழுதி அனுப்பிய குறிப்பு நீளமானது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மணலின் நிறம். கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட், அது டைட்டானியத்தின் தாது. தோரியம் இருப்பது மோனசைட்டில், அதன் நிறம் தேன் மஞ்சள். சிவப்பாகத் தெரிவது கார்னெட். மாவட்டத்தில் பாதிப் பேர் கறுப்பு மணலைக் காட்டித்தான் “அதுல தோரியம் இருக்கு” என்பார்கள். எல்லாம் கலந்தே கிடப்பதால் அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அறிவியல் புனைகதை இதழ் என்று பெயர் போட்டுக்கொண்டு இதைத் தவறாகச் சொல்லக்கூடாது.

இரண்டாவது, ஒளி. தோரியம் இருட்டில் ஒளிராது. இந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்றும் சார் எழுதியிருந்தார். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்த பிறகு இந்த மணல் கப்பல் ஏறியது கேஸ் விளக்கு மேன்டிலுக்காகத்தான். நம் வீட்டுக் கல்யாணங்களில் பெட்ரோமாக்ஸில் கட்டிய அதே மேன்டில். அதில் இருந்த தோரியம் ஆக்ஸைடு தீயின் சூட்டில்தான் வெள்ளை வெளிச்சம் தரும், சூடு இல்லாவிட்டால் வெளிச்சமும் இல்லை. மாணவியின் பாட்டி “அந்தக் காலத்துல இந்த மண்ணுல இருந்துதான் வெளக்கு எரிஞ்சுது” என்று சொன்னதைக் கேட்டுத்தான் அவருக்குக் கதையே தோன்றியிருக்கிறது. பாட்டி சொன்னது சரி.

மூன்றாவது, குண்டு. தோரியம்-232ஐக் குவித்து வைத்தால் குண்டு ஆகாது. அது ஒரு நியூட்ரானை விழுங்கி, புரோடாக்டினியம்-233 ஆகி, அது 27 நாள் அரை ஆயுளோடு (பாதி சிதைய ஆகும் காலம்) சிதைந்து யுரேனியம்-233 ஆனால்தான் அணுப்பிளவுக்கு உதவும். நியூட்ரானுக்கு உலை வேண்டும். கல்பாக்கத்தில் இருக்கும் காமினி என்ற சிறிய ஆய்வு உலை அந்த யுரேனியம்-233இல்தான் ஓடுகிறது.

நான்காவது, காலம். 2071க்குள் தோரியம் பாதியாகக் குறைந்து கதிர்வீச்சு உச்சத்துக்குப் போகும் என்று கதையில் ஒரு வரி. தோரியம்-232இன் அரை ஆயுள் சுமார் 1,405 கோடி ஆண்டு, பூமியின் வயதைப் போல மூன்று மடங்கு.

ஆறு விரல் பற்றி சார் தனியாக எழுதியிருந்தார். கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கரையிலும் இதே மோனசைட் மணல்தான், இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். அங்கே பல ஆண்டு மக்களைப் பின்தொடர்ந்து செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அது மணல் கிடக்கும் நிலையில் அங்கே வாழ்கிறவர்களைப் பற்றிய ஆய்வு. தோண்டிப் புழுதி கிளப்பினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஆகவே ‘ஆபத்தே இல்லை’ என்று சொல்லவும் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது, ‘ஆறு விரல் முளைக்கும்’ என்று எழுதவும் இடமில்லை.

வாக்குவாதம்

மறுநாள் காலை ஃபாரம் ஓட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு குழு கூடியது. மாணவியையும் வரச் சொன்னோம். அவருக்குக் கோபம் வந்தது, அதில் நியாயமும் இருந்தது.

“சார், கற்பனைக் கதைக்கு எதுக்கு சார் சான்று? வேற்றுக்கிரகவாசி வந்தா அவருக்கு ஆதார் கார்டு கேப்பீங்களா?”

லேஅவுட் செய்கிற தம்பியும் அவர் பக்கம். ‘இக்கதை முழுவதும் கற்பனையே’ என்று ஒரு வரி போட்டுவிட்டு ஓட்டிவிடலாம், திருவிழா கிடைக்கும் என்றார். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றலாம் என்று இன்னொருவர். கதையையே எடுத்துவிட்டு வேறு கதை போடலாம் என்று மூன்றாவது யோசனை. கடைசி யோசனையை நான் எதிர்த்தேன், ஏனென்றால் பயந்து ஒதுங்கினால் நம் மாவட்டத்தின் மிகப் பெரிய அறிவியல் விஷயத்தைப் பற்றி நம் இதழில் கதையே வராமல் போய்விடும்.

அப்போது சார் ஒரு பழைய செய்தியைச் சொன்னார். 1944 மார்ச்சில் அமெரிக்காவின் அஸ்டவுண்டிங் என்ற அறிவியல் புனைகதை இதழில் ஒரு அணுகுண்டுக் கதை வந்தது. ஹிரோஷிமாவுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. கதையில் இருந்த யுரேனிய விவரம் அவ்வளவு சரியாக இருந்ததால் உளவுத் துறையினர் ஆசிரியர் ஜான் கேம்பெல்லைத் தேடி வந்து விசாரித்தார்கள். எல்லாம் நூலகத்தில் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் இருந்து எடுத்தது என்று அவர் சொன்னார். “ஒரு கதையைப் பாத்து அதிகாரம் பயந்துச்சுன்னா, அதுல உண்மை இருந்ததுனால பயந்துச்சு மக்களே,” என்றார் சார். “உன் கதையைப் பாத்து யாரும் பயப்பட வேண்டாம். பாவப்பட்டவங்க வெக்கப்படத்தான் செய்வாங்க.”

வேற்றுக்கிரகவாசிக்கும் அவர் பதில் சொன்னார். வேற்றுக்கிரகவாசிக்கு ஊர் கிடையாது, அவரிடம் பெண் கேட்டு யாரும் போவதில்லை. குருசடிக்கு விலாசம் இருக்கிறது. எதிர்காலத்தை எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள், ஆனால் இன்றைக்கு இருக்கிற மண்ணும் மனுஷங்களும் சரியாக இருக்க வேண்டும்.

மாணவி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். சாயங்காலம் போன் செய்து, அந்த அக்காவைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

முடிவும் காரணமும்

எடுத்த முடிவு இது: நடு ஃபாரம் நிறுத்தம், ராப்பர் மறு அச்சு, கதையை மாணவியே திருத்தி எழுதுவார், திருவிழாவை விட்டுவிடுவது.

இப்படி முடிவெடுக்க முடிந்ததற்கு ஒரு அச்சக் காரணம் உண்டு, சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். நடுவில் பின் அடிக்கும் இதழில் ஃபாரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்படும். அறுபத்து நான்கு பக்கத்தில் 25 முதல் 40 வரை ஒரே ஃபாரம், அதுதான் நட்ட நடுவில் இருப்பது. கதை முழுவதும் அந்த ஒரு ஃபாரத்துக்குள் அடங்கியதால் அச்சாகி முடிந்த மற்ற மூன்றையும் தொட வேண்டியிருக்கவில்லை. இதே கதை 19ஆம் பக்கத்தில் தொடங்கியிருந்தால் அச்சாகி முடிந்த ஒரு ஃபாரமும் வீணாகியிருக்கும், அப்போது குழு இதே முடிவை எடுத்திருக்குமா என்று எனக்கு உறுதியில்லை. பொருளடக்கம் முதல் ஃபாரத்தில் அச்சாகிவிட்டதால் ஒரு நிபந்தனை மட்டும் வந்தது: தலைப்பு மாறக்கூடாது, பதினாறு பக்கத்தைத் தாண்டக்கூடாது.

ராப்பருக்கு ஆன தாளும் மறு அச்சும் எங்களுக்குப் பெரிய தொகை. குழுவில் பகிர்ந்துகொண்டோம். மாணவி தானும் பங்கு தருவதாகச் சொன்னார், வாங்கவில்லை. கதையை ஏற்று அச்சுக்கு அனுப்பியது குழு, அதன் செலவை எழுதியவர் தலையில் வைப்பது சரியில்லை.

கரையில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவி அந்த அக்காவோடு கரைக்குப் போனார். நானும் ஓவியரும் கூடப் போனோம். அலை அரித்த இடத்தில் மணல் சுவர் போல நின்றது, அதில் வெள்ளை, கறுப்பு, மறுபடி வெள்ளை, மெல்லிய சிவப்பு என்று அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. ஆனி ஆடிக் கடல் அடித்து முடிந்தால்தான் கறுப்பு அதிகம் ஏறும் என்று அக்காவின் மாமனார் காட்டினார். காரணம் எடைதான்: சாதாரண வெள்ளை மணல் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம், மோனசைட் சுமார் 5 மடங்கு. பெரிய அலை இலேசானதை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, கனமானது கரையில் தங்கிவிடுகிறது. பெரியவருக்கு மோனசைட் என்ற பெயர் தெரியாது, ஆனால் எந்த மாதம் எந்த இடத்தில் எந்த நிறம் ஏறும் என்று வருஷக்கணக்காகப் பார்த்து வைத்திருந்தார்.

மாணவி அவரிடம்தான் அதிக நேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

புதிய கதையில் யாரும் ஒளிரவில்லை. 2071இல் நாடு தோரியம் உலைகளில் ஓடுகிறது, மணலுக்குப் பொன் விலை. ஊருக்கு ஒரு கற்பனைப் பெயர். ஒரு சிறுமி தாத்தாவின் மணல் கணக்கையும் ஒரு கதிர்வீச்சு அளவுமானியையும் வைத்துக்கொண்டு கரையைத் தினமும் அளக்கிறாள், கம்பெனி வெளியிடும் எண்ணும் அவள் எண்ணும் ஒத்துப்போகாத நாளில் இருந்து கதை ஓடுகிறது. வில்லன் உண்டு, துரத்தல் உண்டு, கடலுக்குள் ஒரு அருமையான சண்டை உண்டு. வேகம் கொஞ்சமும் குறையவில்லை. பழையதைவிடப் பயமாக இருந்தது என்பது என் கருத்து. கதை பதினான்கு பக்கத்தில் முடிய, மிச்ச இரண்டு பக்கத்தில் சாரின் குறிப்பைச் சுருக்கி ‘மணலில் என்ன இருக்கிறது’ என்று போட்டோம்.

அச்சுக்குப் போகும் முன் கதையை அக்காவிடம் வாசித்துக் காட்டினோம். சிறுமி தாத்தாவைக் கூப்பிடும் விதத்தை மாற்றச் சொன்னார். வலை சம்பந்தமான ஒரு இடத்தில் தவறு சொன்னார். மற்றபடி, “ஓட்டுங்க சாரே” என்றார்.

பிறகு நடந்தது

இதழ் பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. திருவிழா விற்பனை போனது போனதுதான், முந்தைய இதழைவிடக் குறைவாகவே விற்றது. பின்னட்டை விளம்பரம் தந்த ஒருவர் தாமதத்தைச் சொல்லி விலகிக்கொண்டார். புது ராப்பரில் மணல் அடுக்கும் அளவுமானியோடு ஒரு சிறுமியும் மட்டும்தான், “அட்டையில ஒரு கிக்கே இல்லியே” என்று இரண்டு மூன்று வாசகர்கள் எழுதினார்கள். அது நியாயமான விமர்சனம், ஓவியருக்குக் கிடைத்த நேரம் குறைவு.

எதிர்பாராதது ஒன்று. கடற்கரைப் பள்ளி ஒன்றில் ஒரு ஆசிரியை அந்த இரண்டு பக்கக் குறிப்பை வகுப்பில் பயன்படுத்தி, பிள்ளைகளை மணல் கொண்டுவரச் சொல்லி, காந்தம் வைத்துக் கறுப்பு மணலைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் வந்தன. ஒரு கடிதத்தில் கதை பற்றி ஒரே ஒரு கேள்விதான்: அந்த அளவுமானி எங்கே கிடைக்கும், என்ன விலை?

இனி மாற்றுவது

உண்மையான ஊர் வரும் கதை என்றால், கதையாக இருந்தாலும் கட்டுரையைப் போலவே அந்த ஊர்க்காரர் ஒருவர் படித்த பிறகுதான் லேஅவுட்டுக்குப் போகும். படிக்கிறவருக்குக் கதையைத் தடுக்கும் அதிகாரம் கிடையாது, தவறு சொல்லும் உரிமை உண்டு, அதற்குப் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. இதைக் குழுவில் தெளிவாகப் பேசி வைத்தோம், இல்லையென்றால் நாளைக்கு யாராவது ஒருவர் பிடிக்காத கதையை எல்லாம் நிறுத்தச் சொல்வார்.

ராப்பரை இனி முதலில் ஓட்ட மாட்டோம். லேமினேஷன் காயும் நேரத்துக்காக முந்தி ஓட்டுவது பழக்கமாக இருந்தது, அதனால்தான் செலவு இரட்டிப்பானது. பெரிய கதை எப்போதும் நடு ஃபாரத்துக்குள் அடங்கும்படி பக்கம் பிரிப்போம். திருவிழா, புத்தகக் கண்காட்சி என்று தேதியை வைத்து இதழைத் துரத்துவதை விடுவதா வேண்டாமா என்பதில் குழுவுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. விற்பனை அங்கேதான் இருக்கிறது என்று லேஅவுட் தம்பி சொல்வதும் உண்மைதான்.

ஐந்தாவது இதழுக்கு முப்பந்தல் காற்றாலைகளை வைத்து ஒரு கதை வந்திருக்கிறது. காற்றாலைகள் தமக்குள் பேசிக்கொள்கின்றன, நல்ல கதை. ஆரல்வாய்மொழியில் காற்றாலை பராமரிப்பு வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் கொடுத்திருக்கிறோம். இறக்கை திரும்பும் இடத்தில் ஏதோ சரியில்லை என்று போனில் சொன்னார், நேரில் வந்து விளக்குகிறேன் என்றிருக்கிறார். அவர் வந்த பிறகுதான் அச்சகத்தில் தேதி கேட்கப் போகிறோம்.